நாற்காலியடியில் காத்திருப்பவர்
சர்க்கரை நோயாளிக்கு இனிப்பை விலக்கி நாங்கள் எழுதித் தந்ததும், வீட்டிலுள்ள மக்ரூன் சில இல்லங்களில் நாற்காலியடியில் காத்திருக்கும் நாய்க்குப் போய்விடுகிறது. முந்திரியும் சர்க்கரையும் அதற்கு மட்டும் நன்மை செய்யுமா? இதை அன்பென்று நாங்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வொன்றில், உடன்பிறந்தவற்றைவிடக் கால்பங்கு குறைவாக உண்ட லாப்ரடார் நாய்கள் ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் எடை மிகுதி. உணவை அளந்து வையுங்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் இருவரும் நடக்கலாம். உங்களுக்கும் அதைத்தானே எழுதித் தந்தோம்! பூனையின் நிலை வேறு. பருத்த பூனையைத் திடீரெனப் பட்டினி போட்டால் கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகும். கால்நடை மருத்துவரைக் கேட்டே அதன் உணவைக் குறையுங்கள்.