ரீஸ்டார்ட் பண்ணினால் போதுமா?

"சர்வர் ஸ்லோவா இருக்கா? ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு." இந்த ஒரே வரியை வைத்துக்கொண்டு பத்து வருஷம் சிஸ்டம் அட்மின் வேலை பார்த்துவிடலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே முடியும். ஏனென்றால் பாதி நேரம் ரீஸ்டார்ட் வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினையே.

ஒரு கல்லூரி லேப் சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது, எவனாலும் லாகின் பண்ண முடியவில்லை. அட்மின் பார்க்கிறார், வெப் சர்வரின் லாக் ஃபைல் பூதம் மாதிரி வளர்ந்து நிற்கிறது. ஆர்எம் போட்டுத் தூக்கிவிடுகிறார். மறுபடி டிஎஃப் போட்டுப் பார்த்தால் அதே நூறு சதவீதம்! டியூ போட்டுக் கூட்டினால் பாதி டிஸ்க் காலி என்கிறது. எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் முதலில் போவது அதன் பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளே இருக்கும் டேட்டா அப்படியே இருக்கும். டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறது, டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கிறது, அதனால்தான் இந்தக் கணக்கு வித்தியாசம். எல்எஸ்ஓஎஃப் கட்டளையுடன் ப்ளஸ் எல் 1 சேர்த்துப் போட்டால், பெயர் போயும் உயிர் போகாத ஃபைல்கள் வரிசையாக வரும், அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே வரும். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் டைப் பண்ணும்போது ஆங்கிலம்தான் மக்களே, ப்ராம்ப்ட்டிடம் போய் 'டிஎஃப்' என்று தமிழில் அடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள் :-)) அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீலோட் பண்ணினால் இடம் திரும்பி வந்துவிடும். இனிமேல் லாக் ஃபைலை அழிக்காமல் ட்ரங்கேட் பண்ணினால், அல்லது லாக்ரொட்டேட்டை ஒழுங்காக எழுதி வைத்தால், மறுபடி வராது.

நம்ம அட்மினோ முழு சர்வரையும் ரீஸ்டார்ட் பண்ணுகிறார். எல்லா புராசஸும் செத்து இடம் திரும்பிவிடுகிறது. "பாத்தியா, சொன்னேன்ல!" மூன்று வாரம் கழித்து அதே கதை. கடைசியில் "பழைய சர்வர், புதுசு வாங்கணும்" என்று லெட்டர் போகிறது.

இதைவிடக் கொடுமை, ரீஸ்டார்ட் சாட்சியையும் சேர்த்து அழித்துவிடும். சிஸ்டம்டி இருக்கும் சர்வரில் ஜர்னல் லாகை நிரந்தரமாக டிஸ்க்கில் சேமிக்கும்படி வைக்கவில்லை என்றால் அது மெமரியில்தான் இருக்கும், ரீபூட் ஆனதும் போயே போச்சு. வார் லாக் டைரக்டரிக்குள் ஜர்னல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உருவாக்கி, ஜர்னல் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். (ஆமாம், இதற்கு மட்டும் ரீஸ்டார்ட் பண்ணலாம்.) அதற்குப் பிறகு ஜர்னல்சிடிஎல்லுக்கு பி மைனஸ் 1 கொடுத்தால் போன பூட்டில் சர்வர் சாகும் முன் என்ன சொன்னது என்பது கிடைக்கும். டிஎம்எஸ்ஜியில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று வந்தால் கெர்னலே ஒரு புராசஸைக் கொன்றிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பலி மைஎஸ்க்யூஎல், ஏனென்றால் அதுதான் குண்டு. உண்மையான குற்றவாளி அளவுக்கு மீறி சைல்டுகளைப் பெற்றுத் தள்ளிய அப்பாச்சியாக இருக்கலாம். செத்தவனைத் திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டு என்ன பிரயோஜனம்?

"ஸ்லோவா இருக்கு" என்பதை ஒரு மனிதர் எவ்வளவு தூரம் துரத்தலாம் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழுதுபவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்ட்டில் வேலை. (ஆமாம், மைக்ரோசாஃப்ட்!) டெபியனின் அன்ஸ்டேபிள் (சிட்) பதிப்பில் ஏதோ அளந்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! நாமெல்லாம் நெட் மெதுவாக இருக்கிறது என்று டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். எக்ஸ்இஸட் என்ற கம்ப்ரஷன் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ வேண்டுமென்றே ஒரு பின்கதவை ஒளித்து வைத்திருந்தார்கள். சாவி வைத்திருப்பவன் பாதிக்கப்பட்ட சர்வர்களுக்குள் கேட்காமலேயே நுழையலாம். அதை வைத்த ஆசாமி ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதினார். பெரும்பாலான நிலையான டிஸ்ட்ரோக்களுக்குப் போய்ச் சேரும் முன்பே தப்பித்தோம்.

"ஓப்பன் சோர்ஸ் என்பதால்தானே பின்கதவு வைக்க முடிந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியாள் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க முடிந்ததும் அதனால்தான். சோர்ஸ் மூடியிருந்தால் அவரால் செய்ய முடிந்தது ஒரு கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுவது மட்டுமே.

கண்டுபிடித்ததைப் பகிர்வது பாதி என்றால், சொதப்பியதைப் பகிர்வது மீதி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் ரெப்ளிகா சர்வர் என்று நினைத்து மெயின் டேட்டாபேஸ் சர்வரில் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் சில ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால்... தினசரி டம்ப் ஓடவே இல்லை, போஸ்ட்கிரெஸ் பதிப்பு பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தார்கள். மீட்கும் வேலையை உலகமே பார்க்க நேரலையில் செய்தார்கள், பிறகு நடந்தது முழுவதையும் எழுதியும் வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் தங்கள் பேக்கப்பை ரீஸ்டோர் செய்து சோதித்திருப்பார்கள்! நம்ம ஊரில் இது நடந்திருந்தால் "டெக்னிக்கல் ஃபால்ட்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 2006 முதல் 2008 வரை உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸைத் தீவிரமாக முன்னிறுத்தினார். 2007-ல் சென்னை சி-டாக் டெபியனை வைத்து பாஸ் லினக்ஸ் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்த தருணம் அது! எங்கள் பக்கத்து அண்ணன், அக்காக்களிடம் கேட்டால் "அது ஏதோ பூட் ஆகும்போது வரும், கீழ் அம்புக்குறி அழுத்தி விண்டோஸ் போயிடுவோம்" என்கிறார்கள். என் கருத்து இதுதான்: டிஸ்க் கொடுத்தார்கள், கூடவே 'வைஃபை வரலையா, இதைப் பண்ணு' என்று சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று தெரியாத சிஸ்டத்தை எவன் தொடுவான்?

அதனால்தான் தமிழில் எழுதுங்கள் என்கிறேன். எர்ரர் மெசேஜ் ஆங்கிலத்தில்தானே வருகிறது, தமிழில் எதற்கு என்பார்கள். மெசேஜ் ஆங்கிலம்தான், சரி. 'பெயர் போயும் உயிர் போகாத ஃபைல்' என்பது எந்த மேன் பேஜிலும் இல்லை, ஆனால் பாலிடெக்னிக் பையனுக்கு ஒரே தடவையில் புரியும். கணியம் இதழ் 2012-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அங்கே பாடங்கள் நிறைய இருக்கின்றன. நம்மிடம் குறைவது "இன்றைக்கு இது உடைந்தது, இப்படிச் சரிசெய்தேன்" என்ற குறிப்புகள்.

கிளவுட் வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு என்பவர்களை ஒருமுறை முட்டுக்காட்டுக்கு அழைத்துவரலாம். படகுத்துறைப் பாலத்தில் நின்று காயலைப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் கேளம்பாக்கமும் சிறுசேரி சிப்காட்டும். அங்கே அதானிகானெக்ஸ் 2022-ல் டேட்டா சென்டர் திறந்தது. கிளவுட் என்பது வானத்தில் இல்லை சார், இந்த உப்புக்காற்றில்தான் நிற்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா இதே கரையைத்தான் புரட்டிப் போட்டது. அந்தக் கட்டிடங்களுக்குள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஷிஃப்ட் ஆபரேட்டராகப் போகும்போது, பேப்பரில் எழுதியிருக்கும் பத்து ஸ்டெப்பைப் பார்த்து ரீஸ்டார்ட் பட்டன் அழுத்துபவராக மட்டும் போவதா, ஏன் விழுந்தது என்று கேட்பவராகப் போவதா? சம்பளமும் அதைப் பொறுத்துத்தான்.

செய்ய வேண்டியது பெரிசா ஒன்றுமில்லை. லேப் சர்வரில் மோட்ட் ஃபைல் ஒன்று இருக்கிறது, லாகின் பண்ணியதும் திரையில் வருமே, அதுதான். அதில் கடைசியாக என்ன உடைந்தது, தேதி, எந்தக் கட்டளை காட்டிக்கொடுத்தது, என்ன மாற்றினோம் என்று நாலு வரி. யூடிஎஃப்-8 இருந்தால் தமிழ் நன்றாகவே வரும், புட்டியில் மட்டும் ஃபான்ட் மாற்ற வேண்டியிருக்கும்.