எரிமலைக் கண்காணிப்புக்கு நிதி நிற்கக் கூடாது

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில் இருக்கிறது கோமா நகரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த ஊரின் தலைமாட்டில் நிற்கிறது நியிராகோங்கோ எரிமலை. 2002இல் அதன் தீக்குழம்பு நகரின் நடுவிலேயே ஓடியது. அந்த மலையைக் கண்காணிக்கும் நிலையம், 2020இல் உலக வங்கியின் நிதி நின்றதும் இணையக் கட்டணம்கூடச் செலுத்த வழியற்றுப் போனது. மலையில் நிறுவப்பட்ட நில அதிர்வுமானிகளின் பதிவுகள் மாதக்கணக்கில் நிலையத்துக்கு வந்து சேரவில்லை. வேறோர் உதவியால் 2021 ஏப்ரலில்தான் இணைப்பு திரும்பியது. மே 22 மாலை மலை வெடித்தது. சுமார் 30 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன.

நிதி நிற்காமல் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மலைக்குள் குழம்பு ஏற்கெனவே உச்சிக்கு அருகில் நின்றதால், தெளிவான அறிகுறிகள் தென்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் வெடிப்பு நிகழ்ந்துவிட்டதாகப் பின்னர் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால், அடுத்த சில நாள்களில் கருவிகள் தங்கள் மதிப்பைக் காட்டின. நிலநடுக்கங்கள் தெற்கே நகர்ந்து, ஊருக்கு அடியிலும் கிவு ஏரிக்கு அடியிலும் பரவுவதை அவை பதிவுசெய்தன. தரை விரிவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அந்த ஏரியின் ஆழத்தில் மீத்தேனும் கரியமில வாயுவும் பெருமளவில் கரைந்திருக்கின்றன. ஏரிக்கு அடியில் மீண்டும் வெடித்தால் அவை வெளியேறிவிடும் என்ற அச்சத்தில், மே 27 அன்று ஏறத்தாழ 4 லட்சம் பேரை வெளியேறச் சொன்னது அரசு. அஞ்சியபடி இரண்டாவது வெடிப்பு நிகழவில்லை. அதற்காக அந்த உத்தரவை வீண் என்று பழிப்பது தவறு. உத்தரவு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையைப் பற்றிய அபாய வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயாராகிவிட்டது. ஆனால், மலையின் ஆபத்துப் பகுதியில் இருந்த ஆர்மெரோ நகருக்கு உரிய நேரத்தில் வெளியேற்ற உத்தரவு போகவில்லை. நவம்பர் 13 இரவு மலை வெடித்து வந்த சேற்று வெள்ளத்தில் 20,000க்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள்.

எரிமலைக் கணிப்பின் பெரிய வெற்றியாகப் பிலிப்பைன்ஸின் பினட்டுபோவைச் சொல்வார்கள். சுமார் 500 ஆண்டுகள் அடங்கிக் கிடந்த மலை அது. 1991 ஏப்ரலில் அங்கே நீராவி பீறிட்ட பிறகுதான் விஞ்ஞானிகள் அவசர அவசரமாக அதிர்வுமானிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். மே நடுவில் நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு, இரண்டே வாரத்தில் 5,000 டன்னைத் தொட்டது. ஜூன் தொடக்கத்தில் அதே வாயு சட்டென்று குறைந்தது. மலை தணிகிறது என்று யாரும் நினைத்திருக்கக்கூடிய தருணம் அது. சிறு நடுக்கங்கள் மட்டும் கூடிக்கொண்டே போனதால், வாயு வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் சரியாக ஊகித்தார்கள். ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். குறைந்தது 5,000 உயிர்கள் இதனால் தப்பியதாக மதிப்பிடப்படுகிறது.

அந்த விஞ்ஞானிகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும், கருவிகளைச் சுமந்துபோய் வைக்க மலை அவர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் அவகாசம் தந்தது. நியிராகோங்கோ அப்படித் தரவில்லை. ஒரு மலையின் வழக்கமான நடுக்கம் எது, வழக்கமான வாயு எவ்வளவு என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்திருந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். இடையில் விட்டுப்போன மாதங்களின் பதிவை எவ்வளவு பணம் கொட்டினாலும் பின்னால் வாங்க முடியாது.

கோமா நிலையத்தில் நிதி முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றைக் கறாராக விசாரிக்க வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். விசாரணை முடியும்வரை கருவிகளை ஊமையாக்கினால், தண்டனை மலையடிவாரத்து மக்களுக்குத்தான் போய்ச் சேரும். பன்னாட்டு நிதி அமைப்புகள் எரிமலைக் கண்காணிப்பைச் சில ஆண்டுத் திட்டமாக நடத்துவதைக் கைவிட வேண்டும். பேட்டரி, எரிபொருள், இணையம், ஊழியர் சம்பளம் ஆகிய நான்குக்கும் எந்தச் சச்சரவிலும் முடக்க முடியாத தனி நிதியம் வேண்டும். காங்கோ அரசும் தன் பங்கை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.