சிறு சக்கரத்திற்கும் இடம்

ஜப்பான் நாடு தீவுகளால் ஆயது. அவற்றுள் பெரியதாகிய ஹோன்ஷுவுக்கும் அதன் தெற்கேயுள்ள ஷிகோகுவுக்கும் இடையே செத்தோ உள்நாட்டுக் கடல் பரந்து கிடக்கிறது. ஹோன்ஷுவிலுள்ள ஒனோமிச்சி நகரையும், ஷிகோகுவிலுள்ள இமாபாரி நகரையும் ஆறு தீவுகளின் வழியாக ஒரு பெருஞ்சாலை இணைக்கிறது. ஷிமனாமி கைடோ என்பது அதன் பெயர். 1999ஆம் ஆண்டில் அது இரு கரைகளையும் இணைத்துத் திறக்கப்பெற்றது.

பாலத்தின் பெருமையை நீளத்தால் அளப்பது உலக வழக்கம். அவ்வளவையாலும் இச்சாலையின் பாலங்கள் குறைந்தன அல்ல. தத்தாரா பாலத்தில் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 890 மீட்டர். குருஷிமா நீரிணையை மூன்று தொங்கு பாலங்கள் தொடர்ந்து நின்று கடக்கின்றன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஆயினும் இவற்றின் உண்மைப் பெருமை வேறு. மோட்டார் வண்டிகள் விரையும் இப்பாலங்களில் மிதிவண்டிக்கும் வழி உண்டு. இன்னோஷிமா பாலத்தில் அவ்வழி மோட்டார்ச் சாலைக்கு அடியிலேயே செல்கிறது. கப்பல்கள் கீழே செல்லுமாறு பாலங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆதலின், அவற்றை அடையும் ஏறுவழி களைப்புத் தாராதவாறு வளைந்து வளைந்து மெல்ல உயர்கிறது. திசை மயங்காதிருக்கத் தரையில் நீலக்கோடும் தீட்டப்பட்டுள்ளது. ஒனோமிச்சியை அடுத்த முதல் நீரிணையை மட்டும் மிதிவண்டியினர் சிறு படகில் கடப்பதே வழக்கம்.

"பாலம் விரைந்து செல்வதற்கே, மெல்லச் செல்வோர்க்காகப் பொருள் செலவிடுதல் வீண்" என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று ஆராயத்தக்கது. மோட்டாரில் செல்வோர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். இடைப்பட்ட தீவுகள் அவர்க்குக் கண்ணாடி வழியே தோன்றி மறையும் காட்சிகளே. மிதிவண்டியினர்க்கோ வழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒவ்வொரு பாலத்தையும் கடந்ததும் அவர் ஊர்ச்சாலையில் இறங்குகின்றனர், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களின் ஓரமாகச் செல்கின்றனர், பசித்தால் உண்கின்றனர், இருட்டினால் தங்குகின்றனர். விரைவோர் கடந்து செல்லும் தீவுக்கு மெல்லச் செல்வோரே வாழ்வளிக்கின்றனர். மோட்டார் வண்டி இல்லாத தீவுவாசியும் தன் கால் வலிமையைக் கொண்டே அடுத்த தீவை அடையலாம்.

சாலை பொதுப்பொருள். வலியார் மட்டும் செல்லும் வழி, எத்துணை அகன்றதாயினும், குறுகிய வழியே ஆகும். நடப்போரையும் சிறு சக்கரம் ஊர்வோரையும் முதலில் எண்ணி, அதன்பின் கல் நாட்டுவதே அறிவுடைய நாட்டிற்கு அழகு.