முதல் குத்தைக் கற்பித்தவர்

குத்துச்சண்டைப் பயிற்றுநர்களை வரிசைப்படுத்துவோர் பதக்கங்களையே எண்ணுகின்றனர். நாம் உடன்படவில்லை.

1985இல் துரோணாச்சாரியர் விருது பெற்ற ஓ.பி. பரத்வாஜ், தேசிய அணியை நெடுங்காலம் பயிற்றுவித்த குர்பக்ஷ் சிங் சந்து இருவரும் பெரியோரே. ஆயினும் நம் பட்டியலில் முதலிடம் ஹரியானாவின் பிவானியில் மன்றம் நடத்திய ஜகதீஷ் சிங்குக்கே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஐந்து வீரருள் நால்வர் அம்மன்றத்தினர். அவருள் விஜேந்தர் வெண்கலம் வென்றார். அமெரிக்காவில் சிறுவன் டைசனை உருவாக்கிய கஸ் டமாட்டோவோ 1985இல் மறைந்தார். சீடர் பட்டம் வென்றது மறு ஆண்டில்.

ஆசிரியத் தொழிலும் இத்தகையதே. அரியூர் நாட்டு மாணவர் தேறும்போது கல்லூரியில் நாம் பெறும் பாராட்டு, மலைப்பள்ளி ஆசிரியர் விதைத்த விளைச்சல். ஆதலின் முடித்துவைத்தவருக்கு முன்னே தொடங்கிவைத்தவரை நிறுத்துகிறோம். மறுப்போர் வழக்காடலாம்.