ஏரிக் கணக்கு தெரியுது, வார்டு கணக்கு எங்கே?



ஐப்பசி பிறந்துட்டா சென்னையில் ஒரு பேச்சு தவறாமல் ஆரம்பிக்கும். "செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" டீக்கடையில் கேட்பார்கள், ஷேர் ஆட்டோவில் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் யாராவது போனைத் தட்டிப் பார்த்து, "இருபத்தொண்ணு தாண்டிடுச்சுங்க, வரத்தும் ஏறிட்டே இருக்கு" என்பார். கன அடி என்றால் என்ன, உபரிநீர் திறப்பு என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த விவரம் யாரும் மனு போட்டு, முப்பது நாள் காத்திருந்து வாங்கியது இல்லை. சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தானாகவே போடுகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளின் முழுக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. இன்றைக்கு இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு இருந்தது, எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கிறது.

இதற்குப் பெயர்தான் திறந்த தரவு. அரசு அலுவலகங்கள் மக்கள் வரிப்பணத்தில் சேகரிக்கும் கணக்கை, யாரும் கேட்காமலே, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியே வைப்பது. ஓப்பன் டேட்டா என்றதும் ஏதோ ஐடி கம்பெனி சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். இது குப்பை, குழாய், கால்வாய் சமாச்சாரம்.

இந்த அட்டவணையின் அருமை நம் ஊருக்குத் தெரியும். விலை கொடுத்துக் கற்ற பாடம் இது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்தில் இருந்து திறந்துவிடப்பட்ட நீரின் அளவு விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அடையாற்றங்கரையில் எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. பிறகு வந்த மத்திய தணிக்கைத் துறை அறிக்கை, அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. 2019 ஜூனில் நிலைமை நேர் எதிர். அப்போதிருந்த நான்கு ஏரிகளின் இருப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த வறட்சியை மறைக்க யாராலும் முடியவில்லை. காரணம், ஏரி காலியாவதை மக்களே நாள்தோறும் எண்ணிக்கையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஏரிக் கணக்கு வந்தாச்சு. இப்போ நம்ம தெருவுக்கு வருவோம்.

சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர். இதில் உங்க வார்டு எண் உங்களுக்குத் தெரியும். கீழே இருக்கிற கேள்விகளுக்கு பதில் தெரியுமா?

உங்க தெரு மழைநீர் வடிகாலை கடைசியா எப்போ தூர் வாரினாங்க? எத்தனை மீட்டர் வாரினாங்க? யார் ஒப்பந்ததாரர்? பில் பாஸ் ஆயிடுச்சா?

உங்க வீட்டுக் குழாய்த் தண்ணீரை கடைசியா எப்போ சோதனைக்கு எடுத்தாங்க? குளோரின் அளவு என்ன இருந்துச்சு?

1913-க்கு போன் போட்டு நீங்க சொன்ன புகார் "முடிக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்துச்சு. குப்பை அதே இடத்துல கிடக்கு. உங்க வார்டில் இந்த மாதிரி முடிந்த புகார்கள் எத்தனை?

பதில் அரசாங்கத்திடம் இல்லாமல் இல்லை. வேலையை அளந்து எம்-புக்கில் ஏற்றாமல் எந்த ஒப்பந்ததாரருக்கும் பணம் போகாது. ஆக, எத்தனை மீட்டர் தூர் வாரியதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது எங்கோ ஒரு மேசையில் பத்திரமாக இருக்கிறது. டெண்டர் அறிவிப்பை இணையத்தில் பார்க்கிறோம். அதற்குப் பிறகு வேலை எப்படி நடந்தது, எவ்வளவு அளந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பாதிதான் முக்கியமான பாதி. ஒரு சாதாரண மனிதர் தன் வார்டு எண்ணைத் தட்டி, இத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்கிற நிலை இன்றைக்கு இல்லை.

2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். வெள்ளத்தை எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்து 2023-ல் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கை அரசின் கைக்கு வந்த அன்றே மக்கள் கைக்கும் வந்திருந்தால், அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது "எந்தப் பரிந்துரை நிறைவேறியது, எது நிற்கிறது" என்று ஒவ்வொரு பகுதியும் பட்டியலைக் கையில் வைத்துக் கேட்டிருக்கும். மாறாக, அறிக்கையை வெளியிடுங்கள் என்று கேட்பதே ஒரு போராட்டமாகிப் போனது.

"இதையெல்லாம் வெளியிட்டா மக்களுக்குப் புரியாதுங்க, குழப்பம்தான் வரும்" என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள். மில்லியன் கன அடி புரிகிற மக்களுக்கு வடிகால் மீட்டர் கணக்கு புரியாதா?

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைப் பாருங்கள். நியூயார்க் நகரம் 2012-ல் உள்ளாட்சிச் சட்டம் 11 என்று ஒரு சட்டமே போட்டது. நகர நிர்வாகத்தின் எல்லாத் துறைகளும் தங்கள் பொதுத் தரவை ஒரே தளத்தில், கணினியில் அலசக்கூடிய வடிவத்தில் வைக்க வேண்டும். 311 என்ற எண்ணுக்கு வரும் புகார்களும் அங்கே இருக்கின்றன. பென் வெலிங்டன் என்ற புள்ளியியல் ஆசிரியர், அதில் கிடைத்த பார்க்கிங் அபராதக் கணக்கை அலசினார். நடைபாதைச் சரிவுகளுக்கு முன்னால் சில இடங்களில் வண்டி நிறுத்தலாம் என்று விதி மாறி ஆண்டுகள் ஆகியும், போலீஸார் தொடர்ந்து அபராதம் போட்டு வந்தது தெரிந்தது. ஒரு சீட்டுக்கு 165 டாலர். 2016-ல் அவர் ஆதாரத்தை வெளியிட்டதும் நியூயார்க் காவல் துறை தவறை ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது கணக்கு மட்டும்தான்.

நாம் ஒன்றும் இதில் கத்துக்குட்டி இல்லை. இந்தியாவிலேயே முதலில் தகவல் அறியும் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்தது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மக்கள் மனு போடும் தேவையே குறையும் அளவுக்கு, தகவலைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அதாவது பத்து ரூபாய் மனு என்பது கடைசி வழி. அதையே முதல் வழியாகவும் ஒரே வழியாகவும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் 2023-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, தனிப்பட்ட தகவல் என்ற பெயரில் கதவைச் சாத்த வழி செய்திருக்கிறது. ஒப்பந்ததாரர் பெயரும் தனிப்பட்ட தகவல்தான் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

அதற்காக, எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. புகார் கொடுத்தவரின் பெயர், போன் நம்பர், வீட்டு எண் வெளியே வரக் கூடாது. 2014-ல் நியூயார்க்கில் டாக்சி பயணக் கணக்கைச் சரியாக மறைக்காமல் கொடுத்து, எந்த வண்டி எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் நிலை வந்தது. அந்தத் தப்பை நாம் செய்யக் கூடாது. ஏழையின் விவரத்தை மூடி வை, டெண்டர் விவரத்தைத் திற. நம் நிலைப்பாடு இவ்வளவுதான்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். "வெளியிட்டோமே" என்று காட்ட, கோணலாக ஸ்கேன் செய்த காகிதத்தை பிடிஎஃப் ஆக்கிப் போடுவார்கள். தேடினால் ஒரு சொல் கிடைக்காது. பழைய ஃபான்ட்டில் இருக்கும், திறந்தால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். மாநகராட்சி வார்டு எல்லை ஒன்று, மின்வாரியப் பிரிவு எல்லை இன்னொன்று, காவல் நிலைய எல்லை வேறொன்று. ஒரே தெருவின் பெயரை மூன்று துறைகள் மூன்று விதமாக எழுதியிருக்கும். இப்படிப் போட்டால் அது ஒளித்து வைப்பதற்குச் சமம்.

நம் கோரிக்கைகள்:

1. சென்னை மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாநகரப் போக்குவரத்துக் கழகம், சிஎம்டிஏ, மின்வாரியம் என நகரத்துக்கு வேலை செய்யும் அத்தனை துறைகளையும் கட்டுப்படுத்தும் திறந்த தரவுச் சட்டம் வேண்டும். அதிகாரி மாறினால் நின்றுபோகும் சுற்றறிக்கை வேண்டாம்.

2. ஒவ்வொரு சாலை, வடிகால், குடிநீர் வேலைக்கும் ஒப்பந்ததாரர், தொகை, தொடங்கிய நாள், முடிந்த நாள், எம்-புக் அளவு, கொடுத்த பணம் ஆகியவை வார்டு வாரியாக வெளிவர வேண்டும்.

3. 1913 புகார்கள் பெயர் இல்லாமல் வெளிவர வேண்டும். எப்போது வந்தது, எப்போது முடித்தார்கள், மறுபடி அதே புகார் வந்ததா என்பது தெரிய வேண்டும்.

4. குடிநீர்ச் சோதனை முடிவு, நல்லதோ கெட்டதோ, அன்றன்றைக்குத் தெரிய வேண்டும். கெட்ட முடிவு வந்தால் அந்தத் தெருவுக்கு உடனே தகவல் போக வேண்டும்.

5. எல்லாம் எக்செல்லில் திறக்கும் வடிவத்தில், யூனிகோட் தமிழில் இருக்க வேண்டும். பழைய ஆண்டுக் கணக்கை அழிக்கக் கூடாது.

தோழர்களே, கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மேலே உள்ள மூன்று கேள்விகளையும் எழுத்தில் கொடுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் 4-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி மனு போடுங்கள். கிடைக்கிற பதிலை உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், தெருவாசிகளே போய் அளந்து பார்க்கட்டும்.

நம் கட்சி மாமன்ற உறுப்பினர்களுக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் வார்டு நிதியில் நடந்த வேலைகளின் பட்டியலை, தொகையோடு, வார்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள். இந்தப் பக்கத்துக்கும் அனுப்புங்கள். அடுத்தவன் கணக்கைக் கேட்கிற கட்சி, தன் கணக்கை முதலில் காட்ட வேண்டும். நாளைக்கு நாமே ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்தாலும் இந்தப் பதிவை எடுத்து நம்மிடம் நீட்டுங்கள்.

மழை வரப்போகுது. இந்த வருஷமும் ஏரி நிரம்புவதை எண்ணிக்கையில் பார்ப்போம். நம் தெருவில் தண்ணீர் ஏறுவதை மட்டும் முட்டி அளவில்தான் பார்க்கணுமா?

வார்டு எண்ணைக் கமெண்டில் போடுங்க, தோழர்களே. உங்க தெரு வடிகால் நிலையைப் படத்தோடு சொல்லுங்க.

#கணக்கைக்காட்டு #திறந்ததரவு #நம்வார்டுநம்உரிமை