கணிப்பொறிக்கு எத்தனை கோர் வேண்டும்?

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணிப்பொறியைப் பூட்டிக்கொள்ள விழையும் ஆசிரியரும் கள ஊழியரும் கடையில் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, "எத்தனை கோர் வேண்டும்?" என்பதே. ஆறு கோர் உள்ள செயலியைவிடப் பதினாறு கோர் உள்ளது ஏறக்குறைய மும்மடங்கு விரைந்து வேலை செய்யும் என்று கருதுவது இயல்பு. அக்கருத்துத் தவறானது, அதனால் மாதச் சம்பளக்காரருக்கு விளையும் பொருள் நட்டமும் சிறிதன்று.

கோர் என்பது செயலியினுள் தனித்து நின்று கட்டளைகளை நிறைவேற்றவல்ல பகுதி. (இதனைக் கரு எனப் பெயர்த்தால் அணுவின் கருவோடு மயங்கும், கோர் என்றே வழங்குதல் நலம்.) 2004-ஆம் ஆண்டளவில் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி விநாடிக்கு 380 கோடித் துடிப்பு என்னும் வேகத்தை எட்டியது. அதற்கு மேலும் வேகத்தைக் கூட்ட முனைந்தபோது வெப்பம் பெருந்தடையாயிற்று. ஆகவே, ஒரு மாட்டை இன்னும் விரட்ட இயலாதபோது இன்னொரு மாட்டைப் பூட்டுவது போல, 2005-ஆம் ஆண்டில் இன்டெலும் ஏ.எம்.டி.யும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கென இரண்டு கோர் கொண்ட செயலிகளை விற்பனைக்குக் கொணர்ந்தன.

ஆயின், எல்லா வேலையும் பங்கிடத்தக்கதன்று. பத்து வயல்களைப் பத்துப் பேர் ஒரே வேளையில் அறுக்கலாம். கிணற்றின் அடியில் பத்துப் பேர் நின்று மண் வெட்ட இடமிராது. இவ்வரம்பினை அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஜீன் அம்தால் 1967-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஒரு கோர் 10 நிமிடத்தில் முடிக்கும் வேலையில் 4 நிமிடப் பகுதி பங்கிட இயலாதது என்று கொள்க. 6 கோர் சேர்ந்தால் எஞ்சிய 6 நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கும். மொத்தம் 5 நிமிடம். 12 கோர் எனில் நாலரை நிமிடம். 24 கோர் எனில் நாலேகால். கோர்கள் நான்கு மடங்காகியும் மிச்சமானது முக்கால் நிமிடமே.

மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், கணக்கேட்டுத் தாள் முதலியன பெரும்பாலும் ஓரிரு கோர்களின் தனி விரைவையே சார்ந்தவை. பாடங்களை வீடியோவாகத் தொகுத்து வெளியிடும் வேலையோ நன்கு பங்கிடத்தக்கது. வாரந்தோறும் அதனைச் செய்வார்க்கு எட்டோ அதற்கு மேலோ கோர் வாங்கும் பணம் வீண் போகாது. ஏனையோர்க்கு ஆறு கோர் தாராளம். மீதத் தொகையை 16 ஜி.பி. நினைவகத்திலும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்திலும் இடுவதே அறிவுடைமை. ஐயமுடையோர் தாம் இப்போது பயன்படுத்தும் கணிப்பொறியில் வழக்கமான வேலையை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். எத்தனை கோர்கள் உழைக்கின்றன, எத்தனை சும்மா இருக்கின்றன என்பது அங்கே புலப்படும்.

கோர்கள் யாவும் ஒத்த வலிமையுடையன என்றும் கொள்ளலாகாது. 2021-இல் வெளிவந்த இன்டெல் ஐ9-12900கே செயலியின் பதினாறு கோர்களில் எட்டுப் பெரியவை. எட்டு, மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் சிறியவை. காளையையும் கன்றையும் சேர்த்தெண்ணிப் பதினாறு என்று விலை பேசினால் உழவன் ஒப்புவானா?

மின்சாரச் செலவையும் கருதவேண்டும். ஆறு கோர் உள்ள ஐ5-12400 முழுவீச்சில் 117 வாட் வரை கொள்ளும்; ஐ9-14900கே 253 வாட் வரை கொள்ளும். மின்தடை மிகுந்த ஊர்களில் இன்வெர்ட்டரை நம்பி வேலை செய்வார்க்கு இது பெரிய வேற்றுமை. பின்னதற்கு விலை மிகுந்த குளிர்விப்பானும் வேண்டும்.

பெயரின் கடைசி எழுத்தையும் பார்த்து வாங்குக. 12400எஃப் என்பது 12400-ஐவிட விலை குறைந்தது. ஆனால் அதனுள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை. தனியே கிராபிக்ஸ் அட்டை வாங்காதவர் அதனைப் பூட்டி விசையை அழுத்தினால், விசிறி சுழலும். திரையில் யாதும் தோன்றாது.