"நாய்தானே" என்பவர்களுக்கும் "கடைசிவரை போராடு" என்பவர்களுக்கும்



எங்கள் மணிக்கு 13 வயது. தாடைக்குக் கீழே நெறி கட்டியது போல் வீக்கம். பரிசோதித்த மருத்துவர் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்றார். அன்று முதல் எனக்கு இரண்டு வகை அறிவுரைகள் வருகின்றன. "நாய்தானே, அதுவும் கிழடு, ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்பது ஒன்று. "பாசம் இருந்தா கீமோ குடுங்க சார், கடைசிவரை போராடணும்" என்பது இன்னொன்று. இரண்டையும் மறுக்கிறேன். இரு சாராருமே மணியைப் பார்த்துப் பேசவில்லை.

முதல் சாராருக்குச் சொல்கிறேன். முதுமை ஒரு நோயல்ல. புற்றுநோயும் ஒரே நோயல்ல. பெண் நாய்களின் பால்மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி ஆபத்தில்லாதவை. தெருநாய்களிடம் இனச்சேர்க்கையால் பரவும் ஒரு புற்றுக்கட்டி உண்டு. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். கட்டி என்றதுமே "முடிச்சிடுங்க" என்பவர் வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதுகிறவர்.

இரண்டாம் சாராரே, நாய்க்குக் கீமோ கொடுப்பது பெரும்பாலும் குணமாக்குவதற்கல்ல, நல்ல நாட்களைக் கூட்டுவதற்கு. லிம்போமாவுக்கு சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓரிரு மாதம்தான். பல மருந்துகள் சேர்ந்த கீமோவில் ஓராண்டு அளவுக்குக் கிடைக்கலாம். இளைய, திடமான நாய் என்றால் நானே "கொடுங்கள்" என்பேன். ஆனால் அதில் முக்கியமான மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது. மணியின் இதயமோ ஏற்கெனவே பலவீனம். வண்டியில் ஏற்றினாலே நடுங்குகிறது. "இன்று பொறுத்துக்கொள், நாளை சரியாகும்" என்று மனிதனுக்குச் சொல்லலாம். மணிக்கு எந்த மொழியில் சொல்வது?

பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது: இந்த ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். 70க்கு 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வாத்தியார் வீட்டுக்கு ஏற்ற கணக்கு! ஞாயிறுதோறும் நானும் மனைவியும் தனித்தனியாகத் திருத்துகிறோம். கருணை மதிப்பெண் கிடையாது.

கீமோ வேண்டாம், ப்ரெட்னிசலோன் மாத்திரை மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். அதைத் தொடங்கிவிட்டால் பிறகு கீமோ சரியாகப் பலன் தராது என்பதும் தெரிந்தே எடுத்த முடிவு. சென்ற ஞாயிறு மணி 52. அது 35ஐத் தொடும் நாளில் மருத்துவரை வீட்டுக்கே அழைப்போம். ஒரு நாள்கூட எங்களுக்காக அதைப் பிடித்து வைக்க மாட்டோம்.

இன்னொன்று. செலவு கட்டுப்படியாகாமல் கீமோவைக் கைவிடுகிறவர்களைப் பாசமற்றவர்கள் என்று யாரும் பேசாதீர்கள். கடன் வாங்கிக் காட்டுவதல்ல பாசம்.

இனிமேலும் அறிவுரை சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். முதலில் மணியின் சோற்றுத் தட்டைப் பாருங்கள், பிறகு பேசலாம்.